எச்சில் கம்பெனியும் இரண்டாவது பிரேக்கும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் ஒரு விசேஷம் உண்டு. பக்கத்து இருக்கையில் உட்காரும் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் பதறிப்போய் எதையாவது மிதித்தால், ஆசிரியர் இதை மிதித்து எல்லோரையும் உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவைப்பார். இந்த இரண்டாவது பிரேக் மட்டும் இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேர் சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது பயிற்சிப் பள்ளி நடத்தும் நம் மாஸ்டரின் உறுதியான கருத்து.

கருத்தாக இருந்தது நாளடைவில் உடம்போடு ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு மேசையில் மனைவி தண்ணீர் ஜாடியைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தினால் போதும், மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். பஸ்ஸில் போனால் டிரைவரைவிட இவர்தான் அதிகமாக பிரேக் போடுவார். வண்டி என்று ஒன்றில் ஏறிவிட்டால் கண் இமைக்கவே யோசிக்கிற மனிதர். ரயிலில் படுக்கை எடுத்துவிட்டு, அதில் பெட்டியைப் படுக்கவைத்து, தான் உட்கார்ந்தே ஊர் போய்ச் சேர்ந்தவர்.

அப்படிப்பட்டவரைத்தான் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போனில் அழைத்து, தேன் ஒழுகும் குரலில் அந்தச் செய்தியைச் சொன்னாள்.

"சார், உங்க பயிற்சி வண்டிக்கு இந்தத் தடவை காப்பீடு புதுப்பிக்க முடியாது சார்."

"ஏம்மா? இத்தனை வருஷத்துல ஒரு கீறல்கூட விழுந்ததில்லையே?"

"இதுவரைக்கும் விழல சார். ஆனா உங்களுக்கு உட்கார்ந்த இடத்துல தூங்கற வாய்ப்பு எண்பத்தொன்பது சதவீதம்னு வந்திருக்கு."

"எங்கேர்ந்து வந்திருக்கு?"

"உங்க பரம்பரையிலேர்ந்து சார். உங்க மரபணுவே அப்படியாம்."

"நான் யாருக்கும் ஒரு சொட்டு ரத்தம்கூடக் குடுக்கலையேம்மா."

"நீங்க குடுக்கல சார். உங்க அக்கா எச்சில் குடுத்திருக்காங்க. கூடப் பிறந்தவங்கதானே, அதே கணக்குல உங்களையும் சேர்த்துட்டோம். இந்த நாள் இனிய நாளா அமையட்டும் சார்."

மாஸ்டர் போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசி வரைதான் பழைய காப்பீடு. அதற்குப் பிறகு வண்டி தெருவில் இறங்கக்கூடாது. வண்டி இறங்காவிட்டால் பள்ளி இல்லை. பள்ளியில் போன் எடுத்து நேரம் குறித்துக்கொடுக்கும் மனைவிக்கும் வேலை இல்லை. இந்த ஒரு தொழிலைத் தவிர வேறெதுவும் தெரியாத அவருடைய காலுக்கு இனிமேல் சாப்பாட்டு மேசைதான் கதி. மற்ற காப்பீட்டு நிறுவனங்களுக்கு வரிசையாகப் போன் செய்தார். எல்லோரும் அவருடைய பெயரைக் கேட்டதும் "நல்லாத் தூங்குங்க சார்" என்ற தோரணையில் பேசினார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் சரக்கு எடுத்திருந்தார்கள்.

அந்த இடத்தின் பெயர் பூர்வீகம் மரபணு ஆய்வகம். ஊர் அதைச் சுருக்கமாக எச்சில் கம்பெனி என்று சொல்லும். ஒரு அழகான பெட்டி வரும். உள்ளே ஒரு சின்னக் குழாய். கோடு வரைக்கும் துப்பி மூடி அனுப்பினால், உங்கள் முன்னோர் கடலோடிகளா, தளபதிகளா, எந்த நோய் உங்களைத் தேடி வரப்போகிறது என்பதையெல்லாம் வண்ண வண்ணமாக அச்சடித்துத் தருவார்கள். முன்னோரில் யாரும் சாதாரண ஆளாக இருந்ததாக இதுவரை ஒரு அறிக்கையும் வந்ததில்லை. தன் உடம்பில் கடற்படைத் தளபதியின் ரத்தம் ஓடுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து தெருமுனை முடிதிருத்துபவர் வாடிக்கையாளரிடம் "தலையைக் குனிங்க" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். "குனி" என்று மட்டும்தான் சொல்கிறார்.

அக்காவின் வீட்டுக்காரர், அதாவது மாஸ்டரின் அத்தான், அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். குழாய்களையெல்லாம் குளிரில் அடுக்கிவைத்திருக்கும் நிலவறைக்குக் காவல்காரர். ஊழியர் குடும்பங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பெட்டி ஒன்று அப்படித்தான் அக்கா வீட்டுக்குள் நுழைந்திருந்தது.

"போய் நேர்ல கேட்டுட்டு வாங்க. ஆனா வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க" என்றாள் மனைவி. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தக் கட்டடத்துக்குள் அது எவ்வளவு பயனுள்ள அறிவுரை என்பது பிறகுதான் தெரிந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் எழுந்து நின்று கும்பிட்டாள். மாஸ்டர் தான் வாடிக்கையாளர் இல்லை என்றார். அவள் கணினியைப் பார்த்துவிட்டு, அவர் உறவுவழி வாடிக்கையாளர் என்றும், பெட்டி வாங்காமலேயே வாடிக்கையாளர் ஆகிவிட்ட பாக்கியசாலி என்றும் சொன்னாள். பிறகு காகிதக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குடித்து முடித்ததும் கையுறை போட்ட ஒருவர் வந்து அவருடைய கோப்பையை இடுக்கியால் தூக்கி, பையில் போட்டு, பெயர் எழுதிக்கொண்டு போவதை மாஸ்டர் பார்த்தார். தன் கோப்பையை அப்படியே திருப்பி வைத்துவிட்டார்.

"தாகமில்லையா சார்? மிட்டாய் சாப்பிடறீங்களா? குச்சியை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

மாஸ்டர் உதட்டை இறுக்கிக்கொண்டார். காத்திருந்த நேரத்தில் உறையின் ஓரத்தை நக்கி ஒட்டச் சொல்லி ஒருவர் வந்தார். புதுப் பற்பசையை முயன்று பார்க்கச் சொல்லி இன்னொருவர் வந்தார். ஒரு தும்மல் வந்தபோது நாலு பேர் கைக்குட்டையோடு ஓடிவந்தார்கள். மாஸ்டர் சட்டைக் காலரை மேலே இழுத்து அதற்குள் தும்மிக்கொண்டார்.

அந்தரங்கப் பாதுகாப்பு அலுவலரின் அறை நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே பேசுவது வெளியிலும் கேட்பதற்கு ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள்.

"வெளிப்படைத்தன்மை சார். அதுதான் எங்க உயிர்மூச்சு" என்றார் அலுவலர். அவருடைய மூச்சு கூடம் முழுக்கக் கேட்டது. "உங்க குறையைச் சொல்லுங்க. தயங்காதீங்க. இங்க யாரும் இல்ல."

கண்ணாடிக்கு வெளியே காத்திருந்தவர்கள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மாஸ்டர் வாயைக் கையால் பாதி மூடிக்கொண்டு பேசினார். "என் அக்கா குடுத்ததை வச்சு என்னைப் பத்தி ஊரெல்லாம் சொல்லியிருக்கீங்க. அதை அழிச்சுடுங்க. அவ்வளவுதான்."

"தாராளமா அழிச்சுடலாம். அது உங்க உரிமை. இதுல ஒரு தடவை துப்பிடுங்க." அலுவலர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குழாயை எடுத்து வைத்தார்.

"அழிக்கறதுக்கு எதுக்குத் துப்பணும்?"

"நீங்க நீங்கதான்னு எங்களுக்குத் தெரிய வேணாமா? அடையாள அட்டையெல்லாம் மனுஷன் அச்சடிக்கறது சார். யாரோ ஒருத்தர் வந்து, நான்தான் நீங்கன்னு சொல்லி, உங்க தகவலை அழிச்சுட்டுப் போய்ட்டா உங்க அந்தரங்கம் என்ன ஆகறது?"

"அழிஞ்சா எனக்கு நிம்மதிதான்."

"உங்களுக்கு நிம்மதி சார். எங்க மனசாட்சி கேக்காதே."

துப்பியதையும் பிறகு அழித்துவிடுவீர்களா என்று மாஸ்டர் கேட்டார். நிச்சயமாக அழிப்போம், அதை அழிப்பதற்கு இன்னொரு முறை வந்து துப்ப வேண்டியிருக்கும், நடைமுறை எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார் அலுவலர். அவர் முகத்தில் கேலி துளியும் இல்லை. மாஸ்டரின் கால் தானாகத் தரையை அழுத்தியது.

"சரி, இதுவரைக்கும் யார் யாருக்குக் குடுத்திருக்கீங்கன்னாவது சொல்லுங்க."

"மறைக்கறதுக்கு என்ன இருக்கு? காப்பீட்டுக்காரங்க, மெத்தை கம்பெனி, தலையணை கம்பெனி, வேலைக்கு ஆள் எடுக்கறவங்க, கல்யாணத் தரகர் சங்கம். அப்புறம் இன்னொருத்தர். அவர் பேரை மட்டும் சொல்ல முடியாது."

"ஏன்?"

அலுவலர் கொஞ்சம் புண்பட்டவராகத் தெரிந்தார். "அவரோட அந்தரங்கத்தை நாம மதிக்கணும் இல்லையா சார்?"

வந்ததற்கு அறிக்கையையாவது பார்த்துவிட்டுப் போங்கள் என்று சுவரில் இருந்த பெரிய திரையில் அக்காவின் பலன்களைப் போட்டார். வெளியே இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். உட்கார்ந்த இடத்தில் உறங்கும் வாய்ப்பு எண்பத்தொன்பது சதவீதம் என்பது முதல் வரி. மாஸ்டர் அடுத்தடுத்த வரிகளைப் படித்தார். நடு மண்டையில் வழுக்கை விழும். மீசை அடர்த்தியாக வளரும். தினமும் சவரம் செய்தால் தோல் எரியும்.

"இது என் அக்காவோடதா?"

"பேரைப் பாருங்க."

"என் அக்கா பின்னலைத் தூக்கிப் பின்னால போட்டா எதிர்ல நிக்கறவங்க ஒதுங்கணும். அவளுக்கு எப்படி வழுக்கை? அவளுக்கு எதுக்கு மீசை?"

"எங்க ஆய்வுக்கூடத்துலயும் ஒரு பொண்ணு இதைக் கேட்டா. ஆண் மாதிரி இருக்கேன்னு. ஆனா பெட்டி மேல வாடிக்கையாளர் பெண்ணுன்னு எழுதியிருந்தாங்க. வாடிக்கையாளர் சொன்னதை நாங்க மறுத்துப் பேசறதில்ல சார். அந்தப் பொண்ணைத்தான் வேற இடத்துக்கு மாத்திட்டோம்."

மாஸ்டர் எழுந்துவிட்டார். அடுத்த வாரம் அந்தரங்க வாரக் கொண்டாட்டம், கட்டாயம் வர வேண்டும் என்று அலுவலர் அழைப்பிதழ் கொடுத்தார். அதன் ஓரத்திலும் நக்கி ஒட்ட வேண்டிய பசை இருந்தது.

அக்கா ரொட்டிக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கடை அவளுடையதில்லை, அவள் விற்பனைக்கு நிற்பவள். ஆனால் அடுப்பிலிருந்து வருவது எதுவானாலும் அவள் வாய்க்குள் ஒரு விள்ளல் போய் நல்லது என்று தீர்ப்பு வந்த பிறகுதான் கண்ணாடி அலமாரிக்குப் போகும். காலையிலிருந்து கடை அடைக்கும் வரை அவள் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. அக்கம்பக்கம் யாருமில்லாத நேரம் பார்த்து மாஸ்டர் கேட்டார்.

"அக்கா, அந்தக் குழாய்ல துப்பினது யாரு?"

அக்கா மென்றதை விழுங்கினாள். கேள்வியையும் சேர்த்து விழுங்கிவிடலாமா என்று பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அது நடக்காது என்று தெரிந்துவிட்டது.

"துப்பறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாதுன்னு போட்டிருந்தாங்கடா. அரைமணி நேரம். என்னால முடியுமா சொல்லு. மூணு தடவை முயற்சி பண்ணேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு அடுப்புலேர்ந்து வந்துடுது."

"அதனால?"

"வீட்டுக்கு வந்து பாத்தேன். உங்க அத்தான் நாற்காலியில உட்கார்ந்தபடிக்கே வாயைத் திறந்து வச்சுத் தூங்கறார். ஓரமா ஒழுகிட்டிருந்தது. வீணாத்தானே போகுதுன்னு குழாயைக் கீழ பிடிச்சேன். கோடு வரைக்கும் வந்துடுச்சு." குரலைத் தாழ்த்தினாள். "அவருக்கே தெரியாதுடா."

அந்தக் கம்பெனியின் வாசலில் ஆளுயர எழுத்தில், உங்கள் முழுச் சம்மதம் இல்லாமல் ஒரு துளியும் எடுக்கமாட்டோம் என்று எழுதியிருப்பது மாஸ்டருக்கு நினைவு வந்தது. வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அதனால்தானா ஆறு மாதமாகத் தன் பெயருக்குச் சவரக் கத்தியும் வழுக்கைத் தைலமும் இலவசமாக வந்துகொண்டிருக்கிறது என்று கேட்டு மறுபடி சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது.

"அது உங்க அத்தானோடதுன்னு நீ போய் சொன்னா உன் பள்ளிக்கூடம் பொழைச்சுடும்" என்றாள் அக்கா.

"சொன்னா, நிலவறைக் காவல்காரருக்குத்தான் எண்பத்தொன்பது சதவீதம்னு ஆகிடும்."

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அதுதான் சிக்கல். அறிக்கை பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அது அப்பட்டமான உண்மை. அத்தானைத் தூக்கம் பிடித்தது போல வேறு யாரையும் பிடித்து மாஸ்டர் பார்த்ததில்லை. செருப்பு மாட்டக் குனிந்தவர் குனிந்தபடியே தூங்கியதுண்டு. நிலவறையில் குளிர் தாங்காமல் மேலதிகாரிகள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால்தான் அவருடைய வேலை இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்தது.

தூக்கத்தைத் தவிர அந்த மனிதரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. பள்ளி ஆரம்பித்த புதிதில் கற்றுக்கொள்ள ஒரு ஆளும் வரவில்லை. வண்டி காலியாகப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அத்தான்தான் தினமும் பின் இருக்கையில் மாணவர் மாதிரி உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்தார். அவரைப் பார்த்துத்தான் முதல் நாலு பேர் சேர்ந்தார்கள். சுற்றிய நேரம் முழுக்கத் தூங்கினார் என்பது வேறு விஷயம். இறங்கும்போதெல்லாம், "ஒருநாள் எனக்கும் ஓட்டக் கத்துக் குடுத்துடு தம்பி" என்பார். மாஸ்டர் சரி என்பார். இதுவரை பேச்சை மாற்றியே காலம் கடத்தியிருந்தார்.

அன்றைக்கு வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அவர் வயித்துல அடிச்சுட்டு நான் வண்டி ஓட்டணுமா? வேற ஏதாவது வழி பாக்கலாம்." சொல்லிவிட்டாரே தவிர வேறு வழி ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அழுகை வரும் போலிருந்தது. மனைவி மேசைக்கடியில் கால் நீட்டி அவருடைய பாதத்தின்மேல் வைத்துக்கொண்டாள்.

அந்தரங்க வாரம் தொடங்கியது. கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று மாஸ்டர் போனார். நுழைவாயிலிலேயே சட்டையில் ஒரு அட்டை குத்தினார்கள். விருந்தினர்கள் கூச்சமில்லாமல் பழகுவதற்கு வசதியாக, பெயர், பூர்வீகம், வரப்போகும் முக்கிய நோய் மூன்றையும் அதில் அச்சடித்திருந்தார்கள். "மூலமா? எனக்கும் அதேதான்" என்று இரண்டு பெரிய மனிதர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். இருக்கைகளையும் மரபணுப்படியே பிரித்திருந்தார்கள். வாயுத் தொல்லைக்காரர்களுக்கு ஜன்னலோரம். மாஸ்டருக்கு உறக்கப் பிரிவில், மெத்தை கம்பெனி உபயத்தில், சாய்ந்துகொள்ளும் நாற்காலியும் தலையணையும். அவர் அதன் விளிம்பில் கம்பு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கம்பெனியின் தலைவர் மேடையேறினார். முன்வரிசையில் முதலீடு செய்தவர்களும், காப்பீட்டு நிறுவனத்தின் பெரிய அதிகாரியும் இருந்தார்கள். அந்த நிலவறைக்கும் காப்பீடு கொடுத்திருப்பவர் அவர்தான்.

"நாங்க தகவலை விக்கறோம்னு சிலர் பேசறாங்க" என்றார் தலைவர். "அந்த வார்த்தையே இந்தக் கட்டடத்துல கிடையாது. நாங்க பகிர்ந்துக்கறோம். வாங்கிக்கறவங்க அன்பா ஏதாவது குடுத்தா, வேணாம்னு சொல்றது நம்ம பண்பில்ல. உங்க எச்சில் என்னிக்கும் உங்களோடதுதான். அதுலேர்ந்து தெரிஞ்சுக்கிட்டது மட்டும்தான் எங்களோடது."

கைதட்டல் எழுந்தது.

"போன வருஷம் யாரோ ஒரு வெளியாள் நம்ம கணினிக்குள்ள நுழைஞ்சு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய்ட்டதா வதந்தி. ஒத்துக்கறேன், அது உண்மை. ஆனா ஒண்ணைக் கவனிங்க. நம்மகிட்டேர்ந்து ஒரே ஒரு தகவல்கூடக் குறையல. எல்லாம் அப்படியே இருக்கு. அவன் எடுத்துட்டுப் போனது வெறும் நகல்."

இப்போது கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. நம்முடைய பாதுகாப்புக்குக் கணினியைவிடப் பெரிய சாட்சி மனிதர்கள்தான் என்று தலைவர் தொடர்ந்தார். நிலவறையைக் காக்கும் ஊழியர் ஒருவர். இத்தனை வருடங்களில் அங்கிருந்து ஒரு புகாரும், ஒரு சத்தமும், ஒரு போன் அழைப்பும் மேலே வந்ததில்லை. அவருக்கு இந்த வருடத்தின் உறங்காத கண் விருதும், ஒரு புதுக் காரும் வழங்கப்படுகிறது. அவர் தன் இடத்தை விட்டு நகரமாட்டார், ஆகவே நாம்தான் அவரிடம் போக வேண்டும்.

மாஸ்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். கூட்டத்தை முந்திக்கொண்டு ஓடி அத்தானை எழுப்பிவிடலாம் என்று பார்த்தார். படிக்கட்டில் தலைவருக்கு முன்னால் போகக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

நிலவறையில் குளிர் எலும்பைத் தொட்டது. கனமான இரும்புக் கதவு, அதற்கு முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலியில் கழுத்து வரை மூடிய கம்பளிக் கோட்டுக்குள் அத்தான். சாவிக்கொத்து மார்பில் தொங்கியது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நன்றாகத் திறந்து, குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கதவு தாழ்ப்பாள் போடாமல் சாத்தியிருந்தது.

காப்பீட்டு அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பாத்தீங்களா" என்றார் தலைவர். ஒரு நொடி மட்டும்தான் அவருக்குத் தேவைப்பட்டது. "கண்ணை மூடிக்கிட்டு, காதாலயே காவல் காக்கறார். இது பல வருஷப் பயிற்சியில வர்றது."

எல்லோரும் மெதுவாகக் கைதட்டினார்கள். அவருடைய கவனம் கலைந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த நேரம் அத்தானின் உதட்டோரம் ஒரு துளி திரண்டு இறங்கியது. அன்று கோப்பையை இடுக்கியால் தூக்கிப்போன கையுறைக்காரரும் கூட்டத்தோடு வந்திருந்தார். அவருக்குப் பழக்கதோஷம். சட்டைப் பையிலிருந்து குழாயை எடுத்து மூடியைத் திறந்தபடி முன்னால் போனார்.

அந்தத் துளி குழாய்க்குள் விழுந்தால் நாளைக்கே அக்காவின் பெயரிலுள்ள எச்சிலோடு அச்சு அசலாகப் பொருந்தும். மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. நிலவறை முழுக்கச் சத்தம் கேட்டது. கையுறைக்காரர் நின்றுவிட்டார். இரண்டாவது பிரேக் இருப்பதே, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றத்தானே. மாஸ்டர் அந்தரங்கப் பாதுகாப்பு அலுவலரின் காதருகே போனார். அந்தக் கட்டடத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் நடந்த முதல் உரையாடல் அதுவாகத்தான் இருக்கும்.

"சார், அதை எடுக்காதீங்க. இந்த எச்சில் உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. என் அக்கா பேர்ல. எண்பத்தொன்பது சதவீதம். காப்பீட்டு ஐயா பக்கத்துலதான் நிக்கறார். நான் வாயைத் திறக்கட்டுமா?"

இத்தனை நாளாக அந்த வாயைத் திறக்கவைக்கப் பாடுபட்ட அலுவலர், முதல் முறையாக அதைத் தன் கையாலேயே பொத்தினார். பிறகு தலைவரை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மூலையில் அவர்கள் பட்ட பாடு பார்க்கப் பரிதாபமாக இருந்தது. சோதனை சரி என்றால் காவல்காரர் தூங்குகிறவர். இத்தனை வருடங்களாக ஊரின் எச்சில் முழுக்கத் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. காவல்காரர் தூங்குகிறவர் இல்லை என்றால் சோதனை தப்பு. சோதனை தப்பு என்றால் கடற்படைத் தளபதிகளெல்லாம் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் நிற்பார்கள். தலைவர் நெற்றியைத் தடவினார். அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்திருந்தது. திரும்பி வந்தபோது முகத்தில் பழைய ஒளி இருந்தது.

"நண்பர்களே, இந்த நல்ல நாள்ல ஒரு சின்னத் திருத்தம். எங்க சோதனையும் சரி, எங்க காவலும் சரி. உறவு முறையிலதான் ஒரு பிழை." மாஸ்டரின் தோளில் கை போட்டார். "இவர் இவரோட அக்காவுக்குத் தம்பி இல்ல."

"ரொம்ப வருஷமா அப்படித்தானே இருக்கேன்" என்றார் மாஸ்டர்.

"நீங்க நினைச்சிருப்பீங்க. எங்ககிட்ட இருக்கற எச்சிலுக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இதை நான் விஞ்ஞானபூர்வமா அறிவிக்கறேன்."

அது சத்தியமான வார்த்தை என்பது மாஸ்டருக்கு மட்டும்தான் முழுதாகப் புரிந்தது. அவர் தலையாட்டினார்.

காப்பீட்டு அதிகாரி அருகில் வந்தார். "அப்போ இவரைப் பத்தி உங்ககிட்ட என்ன தகவல் இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. இவர் யாரோ."

"அப்போ பிரச்சினையே இல்ல" என்று அதிகாரி நிம்மதியாகச் சிரித்தார். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதவங்கதான் எங்களைப் பொறுத்தவரைக்கும் முழு ஆரோக்கியமானவங்க. காப்பீட்டை நாளைக்கே புதுப்பிச்சுக்கலாம்."

இந்தச் சத்தத்தில் அத்தான் விழித்துக்கொண்டார். எதிரே கம்பெனி முழுக்க நிற்பதைப் பார்த்ததும் கதை முடிந்தது என்று நினைத்து, எழுந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, சாவிக்கொத்தைக் கழற்றித் தலைவரிடம் நீட்டினார். தலைவர் அதற்குப் பதிலாகப் பதக்கத்தை அவர் கழுத்தில் மாட்டி, கார்ச் சாவியைக் கையில் வைத்தார். கூட்டத்தில் மைத்துனரைக் கண்டுபிடித்த அத்தான், "என்ன தம்பி நடக்குது?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா விஷயம் கேள்விப்பட்டதும் ரொட்டிக்கடையில் தம்பியை வரிசையில் நிற்கவைத்தாள். "ரத்த சம்பந்தம் இல்லாதவங்களுக்கு ருசி பாக்கக் குடுக்கறதில்லங்க, காசு குடுத்து வாங்கிக்கங்க" என்றாள். மனைவி பள்ளியின் போனில் மறுபடி நேரம் குறித்துக்கொடுக்க ஆரம்பித்தாள். சவரக் கத்தி மட்டும் அக்கா பெயருக்கு வந்துகொண்டே இருந்தது. அத்தானுக்குக் கத்தி வாங்கும் செலவு மிச்சம்.

அந்த வார இறுதியில் பள்ளி வாசலில் ஒரு புதுக் கார் வந்து நின்றது. கம்பெனி ஆள் ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். பதக்கத்தைக் கழற்றாமல் அத்தான் இறங்கினார்.

"தம்பி, இனிமே சாக்கு சொல்ல முடியாது. எனக்கு ஓட்டக் கத்துக் குடு. காப்பீடுகூடக் குடுத்துட்டாங்க, ஒரு கேள்வி கேக்கல. என் பேர்ல ஒரு சின்னக் குறைகூட இல்லையாம். நான்தான் எச்சிலே குடுத்ததில்லையே." அதைச் சொல்லும்போது அவருக்கு அவ்வளவு பெருமை.

அந்த மனிதரை அந்தச் சாவியோடு தெருவில் விட மாஸ்டருக்கு மனம் துணியவில்லை. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. பயிற்சி வண்டியிலேயே கற்றுக்கொள்ளலாம் என்று கூட்டிப்போய் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். தான் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்துக்கொண்டார். முதலில் பெல்ட் போடச் சொன்னார். அத்தான் ஒழுங்காகப் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்யச் சொன்னார். அதையும் செய்தார். இப்போது சாவியைத் திருப்புங்கள் என்று சொன்னபோது பதில் வரவில்லை. தலை பின்னால் சாய்ந்திருந்தது. குறட்டை தொடங்கிவிட்டது.

மாஸ்டர் சாவியை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வண்டி நகராத இந்த முதல் பாடத்தை இனிமேல் தினமும் நடத்திவிட்டால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. அத்தானுக்குக் கற்றுக்கொண்ட திருப்தி, ஊருக்கும் சேதமில்லை. மனதுக்கு இதமாக இருந்தது.

அத்தானின் உதட்டோரம் ஒரு துளி எட்டிப் பார்த்தது. மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து மெதுவாகத் துடைத்துவிட்டார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அதைத் தன் கையாலேயே சோப்புப் போட்டுத் துவைத்தார்.